மூன்று பேர் சேர்ந்தால் ஒரு ரம்பம்

சனிக்கிழமை வந்துவிட்டால் அந்த மூன்று பேருக்கும் கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெஞ்சையே கழற்றிப் போட்டவர்கள். நாற்பதைத் தாண்டியும் புத்தி மாறவில்லை. வாரம் ஒருவர் வீடு என்று முறை வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் ஒழுகுவது, ஆடுவது, இழுத்துக்கொண்டு நிற்பது எல்லாவற்றையும் தாங்களே சரிசெய்வார்கள். வெளியாள் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் மானம் போய்விடுமாம்.

ஒருத்தி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மாத்திரை எண்ணும்போது தூங்கி வழிகிற அந்த முகம் சுத்தியலைக் கண்டால் மலரும். அதனால் அவள் பெயர் ஆணி. ஒருவன் கூரியர் ஆபீசில் பார்சல் பதிகிறவன். யாராவது கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவான். அவன் ஒயர். மூன்றாவது நம் ஆள். பதினாறு வருஷம் ஒரு டாக்டரின் கிளினிக்கில் வாசல் மேஜையில் உட்கார்ந்து, போன் எடுத்து, டோக்கன் கொடுத்து, அழுகிற குழந்தைகளுக்குப் பேனா கொடுத்துச் சமாளித்தவள். அவள் பெயர் ரிசப்ஷன்.

இவர்களுக்குள் இரண்டு சட்டம் உண்டு. முதல் சட்டம்: கழற்றுகிற சாமான் எதுவானாலும் ஒரு டம்ளரில் போட வேண்டும். இரண்டாவது: எந்த வீட்டில் வேலை நடக்கிறதோ அந்த வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே கூடாது. டீ போட்டுக் கொடுக்கலாம், குறை சொல்லலாம், அவ்வளவுதான். சொந்த வீடு என்றால் மனுஷனுக்குக் கை பதறும். ஒயர் தன் வீட்டுச் சுவரில் ஆர்வக்கோளாறில் துளை போட்டு, தண்ணீர்க் குழாயைப் பிளந்து, மூன்று பேரும் தலை முதல் கால் வரை நனைந்த அன்றைக்குப் போட்ட சட்டம் அது.

அந்தச் சனிக்கிழமை ரிசப்ஷனின் முறை. நான்கு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ, கம்ப்யூட்டரில். பம்பு, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் செய்கிற ஒரு கம்பெனியில், போன் பண்ணிப் புலம்புகிறவர்களுக்கு "இந்த ஸ்விட்சை அமுக்குங்க, அந்த மூடியைத் திறங்க" என்று பொறுமையாக வழி சொல்கிற வேலை.

வேலை என்னவோ அவளுக்கென்றே செய்தது போலத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் வயதாகி கிளினிக்கை மூடி பதினான்கு மாதம் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு இன்டர்வியூ போய் வந்தாள். இரண்டிலும் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்ட மாத்திரத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. முதல் இடத்தில் தன் வயதை மறந்தாள். இரண்டாவது இடத்தில் நன்றி சொல்லிவிட்டுக் கதவென்று நினைத்து அலமாரியைத் திறந்தாள். சிரிக்காதீர்கள், அவள் அன்றைக்கு வீடு வரை அழுதுகொண்டே நடந்தாள்.

மாதக் கடைசியில் அண்ணன் வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். "நீ அங்க தனியா கஷ்டப்படாதேம்மா, எங்ககூட வந்து இரு, பின்ரூம் காலியாத்தான் இருக்கு." அண்ணன் தங்கமானவர். அண்ணியும் ஒரு சொல் சொல்ல மாட்டாள். ஆனாலும் தன் வீடு தன் வீடுதானே! இரண்டாம் மாடியில் ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு பால்கனி, கூடவே இந்தச் சனிக்கிழமைகள். இதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஆறு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் ஒரு பின்ரூமில் போய் உட்கார அவளுக்கு மனசே இல்லை. இந்த வேலை கிடைத்தால் வண்டி வேண்டாம். கிடைக்காவிட்டால் வண்டி வரும். அவ்வளவுதான் கணக்கு.

காலை ஒன்பது மணிக்கே இருவரும் வந்துவிட்டார்கள். ஒயர் மூன்று செத்த கம்ப்யூட்டர்களின் உறுப்புகளைக் கலந்து உயிரோடு ஒன்றை எழுப்பி ஹால் மேஜையில் உட்கார வைத்தான். "நாலு மணி ஆனதும் இதுவே இன்டர்வியூவுல சேந்துடும். நீ எதையும் அமுக்கவே வேண்டாம். நீ அமுக்கினா அலமாரிதான் திறக்கும்" என்றான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆணிக்குக் கிடைத்தது பால்கனிக் கதவு. கீழே தெருவில் இரும்புப் பட்டறை. அங்கே கம்பி அறுக்கிற மிஷின் ஓடினால் மேலே பல் கூசும். பால்கனிக் கதவோ மேல்பாதி கண்ணாடி, கீழ்பாதி மரம், சுற்றிலும் இடைவெளி. தாழ் வேறு சரியாக விழாது. ரிசப்ஷன் பட்டறைக்காரரிடம் இரண்டு தடவை சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள். "சத்தம் போடாம அறுக்க அது என்ன வெண்ணெயாம்மா?" என்று அவர் கேட்டுவிட்டு மறுபடி மிஷினை ஓட்டினார்.

ஆணி பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை வைத்தாள். கதவைச் சாத்தினால் தானே விழுந்துகொள்கிற நாக்கு. உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு கைப்பிடி, இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு சதுரக் கம்பி. அந்தக் கம்பியும் கைப்பிடிகளும் டம்ளரில் கிடந்தன. "கைப்பிடியைக் கடைசியில மாட்டிக்கலாம், முதல்ல சத்தம் நிக்குதான்னு பாப்போம்" என்று சொல்லி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினாள். கைப்பிடி வரவேண்டிய ஓட்டையில் மருந்துக்கடைப் பஞ்சை வைத்து உள்பக்கமிருந்து அடைத்தாள்.

மூன்றேகாலுக்குச் சோதனை. அந்த நேரம் பார்த்துப் பட்டறையில் மிஷின் நின்றுவிட்டது. டீ குடிக்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

"வேணும்கிறப்ப மட்டும் சத்தம் போட மாட்டாங்களே!" என்று ஆணி பல்லைக் கடித்தாள்.

"கவலைப்படாதே" என்றான் ஒயர். "நாம போடுவோம். கம்ப்யூட்டரோட மைக் உள்ள கேட்டுக்கிட்டு இருக்கும். எவ்வளவு சத்தம்னு என் போன்ல கோடு வரும். ஒரு ஆள் கத்தினா அந்தப் பட்டறை ரம்பத்துல மூணுல ஒரு பங்கு. காலையில அளந்து பாத்துட்டேன்."

"அப்ப மூணு பேர்?"

"மூணு பேர் சேந்தா ஒரு ரம்பம்."

கணக்கு என்னவோ சரிதான். உள்ளே இருந்து கேட்க ஆள் வேண்டாம், மைக் இருக்கிறது. வெளியே கத்த மூன்று பேர் வேண்டும். இந்த மூன்று மூளைகளும் சேர்ந்து யோசித்தால் இப்படித்தான் முடிவு வரும், வேறெங்கும் வராது. ஒயர் போனோடும், ரிசப்ஷன் ஒரு கரண்டியோடும் பாத்திர மூடியோடும் பால்கனிக்குப் போனார்கள். ஆணி கதவின் ஓரத்தில் ஒரு துணியைச் சுற்றி வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். 'டக்' என்று நாக்கு விழுந்தது. என்ன அழகான சத்தம்!

மூன்று பேரும் கத்தினார்கள். ஆணி தன் மாமியாரைத் திட்ட நினைத்ததையெல்லாம் திட்டினாள். ஒயர் நாய் மாதிரி குரைத்தான். ரிசப்ஷன் மூடியைத் தட்டிக்கொண்டே "உங்களைப் பத்திச் சொல்லுங்க! உங்களைப் பத்திச் சொல்லுங்க!" என்று தொண்டை கிழியக் கூவினாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று பயந்து மூடிக்கொண்டது. போனில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அசையவே இல்லை.

"ஜெயிச்சிட்டோம்டி!" ஆணி குதித்தாள். மூன்று பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு அந்தச் சின்னப் பால்கனியில் சுற்றிச் சுற்றி ஆடினார்கள்.

"சரி, கதவைத் திற" என்றாள் ரிசப்ஷன், மூச்சு வாங்க.

"நீ திற."

"வீட்டுக்காரி தொடக் கூடாதே. நீ திறடி."

ஆணி கதவைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாக உள்ளே மேஜையைப் பார்த்தாள். மேஜையில் டம்ளர் இருந்தது. டம்ளருக்குள் கைப்பிடி இருந்தது. நான்கே எட்டு தூரம்.

ஒயருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், மூக்கு வழியாக வந்துவிட்டது. அது தொற்றிக்கொண்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபோது மணி மூன்று நாற்பது. அப்போதுதான் ரிசப்ஷனுக்கு இன்டர்வியூ ஞாபகம் வந்தது.

கரண்டிக் காம்பை ஓட்டையில் விட்டுப் பார்த்தார்கள், தடிமன். கொண்டை ஊசியை விட்டார்கள், வளைந்தது. ஆணியும் ரிசப்ஷனும் போனை உள்ளே சார்ஜில் போட்டிருந்தார்கள். ஒயரின் போனில் ஒன்பது சதவீதம்தான் மிச்சம். சத்தம் அளந்தே மீதியைத் தின்றுவிட்டது.

"சாவி!" என்று திடீரென்று கூவினாள் ஆணி. மூன்று பேரிடமும் மூன்று வீட்டுச் சாவியும் உண்டு. அவள் இடுப்பில் கொத்து தொங்கியது. வாசல் கதவைத் திறக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கீழே மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. பட்டறைக்காரர் காதில் பெரிய மூடி மாட்டியிருந்தார். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு ரம்பம் என்றாலும் அசல் ரம்பத்தின் முன்னால் எடுபடவில்லை. துணி மாட்டுகிற கிளிப்புகளை எறிந்தார்கள். தகரக் கூரையில் விழுந்தன. ரிசப்ஷன் தன் செருப்பை எறிந்தாள். தெருவில் போன ஒரு சைக்கிள்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒற்றைச் செருப்பு என்று கீழே வைத்துவிட்டுப் போனார். கடைசியில் கரண்டி. அது பட்டறைக்காரரின் காலடியில் 'டங்'கென்று விழுந்தது.

அவர் மிஷினை நிறுத்தி, காது மூடியைக் கழற்றி அண்ணாந்தார். "இப்ப கரண்டியால அடிக்க ஆரம்பிச்சிட்டியாம்மா?"

"ஐயோ, இல்லண்ணே! மாட்டிக்கிட்டோம்! சாவி போடறோம், வந்து திறந்து விடுங்கண்ணே!"

சாவிக்கொத்து அவருடைய தோல் ஏப்ரனில் பட்டு விழுந்தது. அவர் அதை எடுத்து, மேலே மூன்று முகங்களையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சின்ன அறுக்கும் மிஷின் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நடந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

"கொத்துல எந்தச் சாவின்னு சொல்லலையே!" என்றாள் ஆணி. அதில் பதினோரு சாவி.

மணி நான்கு ஆனது. ஹாலில் கம்ப்யூட்டர் சொன்னபடி தானே விழித்துக்கொண்டது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய மேடமும், பக்கத்தில் மீசைக்காரர் ஒருவரும் தோன்றினார்கள். இருவரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு மேடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து மறைந்தார்கள்.

"எதுக்குடி குனியறோம்?" என்று கிசுகிசுத்தாள் ஆணி.

"தெரியல. நீ குனிஞ்சே, நானும் குனிஞ்சேன்."

"போச்சு" என்றாள் ரிசப்ஷன். கண்ணில் தண்ணீர் முட்டியது. "மூணாவதும் போச்சு. அண்ணாகிட்ட வண்டியைக் கொண்டு வரச் சொல்லிடறேன்."

ஒயர் அவளை முறைத்தான். பிறகு தன் போனை அவள் கையில் திணித்தான். "அதே இன்டர்வியூவுல இதுலேர்ந்தும் சேரலாம். உன் குரல் உள்ள ஸ்பீக்கர்ல வரும். நாலு சதவீதம் இருக்கு. அழறதுன்னா சீக்கிரம் அழுது முடி."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து நின்றாள். "வணக்கம் மேடம். நான் நாற்காலியில இல்லைங்க. பின்னாடி கண்ணாடியில மூணு தலை தெரியுது பாருங்க, அதுல நடுத்தலை நான்."

திரையில் மேடம் வாயைத் திறந்தாள். அதற்குள் வாசல் கதவு திறந்தது. தலையில் காது மூடி, முகமெல்லாம் கரி, கையில் அறுக்கும் மிஷின், உள்ளே வந்தார் பட்டறைக்காரர். மீசைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "மேடம், யாரோ ஆயுதத்தோட உள்ள வந்திருக்காங்க!"

பட்டறைக்காரர் திரையைப் பார்த்தார். "யாரும்மா நீங்க? எங்க மாட்டிக்கிட்டீங்க?"

"அண்ணே, அவங்க இல்ல, நான். பின்னாடி திரும்புங்க. கண்ணாடியைப் பாருங்க."

அவர் திரும்பினார். "நீயா? வாய் அங்க அசையுது, சத்தம் இங்க வருதேம்மா. சரி சரி, தள்ளி நில்லுங்க, ரெண்டு நிமிஷத்துல கதவை அறுத்துடறேன்." மிஷினைத் தூக்கினார்.

ஆணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து ஒட்டிய ரப்பர்!

அப்போதுதான் அது நடந்தது. ரிசப்ஷனின் தொண்டையிலிருந்து அந்தக் கிளினிக் குரல் வெளியே வந்தது. பதினாறு வருஷம், நெஞ்சுவலி என்று அலறிக்கொண்டு வந்தவர்களை உட்கார வைத்த குரல். அவசரமே இல்லாத குரல்.

"அண்ணே, அந்த மிஷினை முதல்ல தரையில வைங்க. மேஜை மேல வேண்டாம். மெதுவா. ஆங், அவ்வளவுதான். இப்ப மேஜையில ஒரு டம்ளர் இருக்கா?"

"இருக்கு. டீ இருக்கு."

"அது பக்கத்துல இன்னொண்ணு."

"இருங்க." டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தார். "ஆறிப்போச்சு. இன்னொண்ணுல இரும்புச் சாமான் கிடக்கு."

"அதுல சதுரமா ஒரு கம்பி இருக்கும், உங்க சுண்டுவிரல் நீளம். அதை எடுத்துக்கிட்டுக் கதவுகிட்ட வாங்க. ஓட்டையில பஞ்சு இருக்கும், அதைப் பிடுங்கிடுங்க."

"பிடுங்கிட்டேன். கம்பியை உள்ள தள்ளட்டுமா?"

"நிறுத்துங்க. வேகமாத் தள்ளினா எங்க பக்கம் வந்து தெருவுல விழுந்துடும். ஆணி, நீ வெளியில உள்ளங்கையை வச்சுப் பிடி. இப்ப தள்ளுங்கண்ணே. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும். இப்ப கைப்பிடியை அது மேல சொருகுங்க."

"சொருகிட்டேன். எந்தப் பக்கம் திருப்பணும்?"

"கடிகாரம் கட்டற கைப்பக்கம்."

"நான் கடிகாரமே கட்டறதில்லையேம்மா."

"சரி, மிஷின் பிடிக்காத கை இருக்கே, அந்தக் கைப்பக்கம். மெது..."

போன் செத்தது. பட்டறைக்காரர் திகைத்து அவளைப் பார்த்தார். அவள் கண்ணாடி வழியாக அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, கையைத் தூக்கி, குழந்தைக்குக் காட்டுவது போல மெதுவாகத் திருப்பிக் காட்டினாள். அவரும் திருப்பினார். நாக்கு உள்ளே போனது. கதவு திறந்தது. இழுத்த வேகத்தில் கைப்பிடி கம்பியோடு கழன்று அவர் கையில் வந்தது. நல்ல தொழிலாளி அவர். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம். நேராகப் போய் அதை டம்ளரில் போட்டார்.

ரிசப்ஷன் ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு. இன்டர்வியூவைக் கெடுக்கக் கூடாது என்று ஒயர் பட்டறைக்காரரைக் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனான். ஆணி பஞ்சை எடுத்து மறுபடி ஓட்டையில் அடைத்து, துணியைப் பிடித்துக் கதவைப் பொறுப்பாக இழுத்துச் சாத்தினாள். டக்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்தான். "ஒரே ஒரு கேள்விம்மா. அவர் கதவை அறுக்கறேன்னு சொன்னப்ப உங்களுக்குக் கோபம் வரலையா?"

"வந்துச்சுங்க மேடம்" என்றாள் ரிசப்ஷன். "ஆனா மிஷின் அவர் கையிலதானே இருந்துச்சு."

மீசைக்காரர் மேஜையில் தட்டிச் சிரித்தார். மேடம் ஒரு தாளில் எதையோ எழுதினாள். "எங்களுக்கு வர்ற போன்ல பாதி இப்படித்தான் இருக்கும். திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு வந்துடுங்க. ரெண்டு செருப்போட."

திரை அணைந்தது. ரிசப்ஷன் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எழுந்து திரும்பினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போதும் மூன்று தலைகள். நடுத்தலை பட்டறைக்காரருடையது. ஒயர் இரண்டு கையையும் விரித்து 'என்ன ஆச்சு?' என்றான். ஆணி டம்ளரைக் காட்டித் தன் தலையில் அடித்துக்கொண்டாள். பட்டறைக்காரர் கதவைத் தட்டினார். எந்தச் சத்தமும் உள்ளே வரவில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை.

அவள் சார்ஜிலிருந்த தன் போனை எடுத்து, அவர்களைப் பார்த்துக்கொண்டே நம்பரைப் போட்டாள்.

"அண்ணா, வண்டி வேண்டாம்ண்ணா" என்றாள். "வேண்டாம். நான் இங்கேயே இருக்கேன்."

காதில் எதுவும் விழாவிட்டாலும் ஆணிக்கு வாயசைவு புரிந்துவிட்டது. துள்ளிக் குதித்து ஒயரைக் கட்டிக்கொண்டாள். ஒயர் பட்டறைக்காரரைக் கட்டிக்கொண்டான். எதற்கு என்று தெரியாமலே அவரும் குதித்தார். மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு கத்தினார்கள், ஒரு ரம்பம் அளவுக்கு.

ரிசப்ஷன் டம்ளரைக் கையில் எடுத்தாள். மேஜையில் ஆணியின் ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. வீட்டுக்காரி தொடக் கூடாது. ஆணி அந்தப் பக்கம் பதறிப்போய் விரலை ஆட்டி 'தொடாதே, தொடாதே' என்றாள்.

ரிசப்ஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே அதை எடுத்தாள். கை பதறவே இல்லை.